சிரட்டையில் வைத்த முட்டை

வனத்துறை ரேஞ்சர் தொப்பியைக் கழற்றிவிட்டு மரத்தின் கவட்டைக்குள் எட்டிப் பார்த்தார். அங்கே, அவருடைய தோள் உயரத்தில், ஒரு தேங்காய்ச் சிரட்டை இருந்தது. ரப்பர் மரத்தில் பால் பிடிக்க வைப்போமே, அதே சிரட்டை. உள்ளே இலவம்பஞ்சு மெத்தை. மெத்தையின் மேல் ஒரே ஒரு முட்டை.

"இது யாரு வச்சது?" என்று கேட்டார்.

நாங்கள் எட்டுப் பெண்கள் அவருக்குப் பின்னால் ஒரே நிறச் சேலையில் வரிசையாக நின்றோம், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வரவேற்புப் பாட்டுப் பாட நிற்பது போல. தங்கபாய் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"நாந்தான் சாரே. பாவம், கூடு ஒண்ணும் இல்லாம தரையில கெடந்துது. யாராவது மிதிச்சுப் போடுவாவன்னு எடுத்து வச்சேன்."

பாராட்டு வரும் என்று அவள் காத்திருந்தாள். நாங்களும் காத்திருந்தோம். தங்கபாயின் நல்ல மனசைப் பற்றி ரேஞ்சர் தன் அறிக்கையில் ஒரு வரியாவது எழுதுவார், அனுமதி கைக்கு வந்த மாதிரிதான் என்று நான் கணக்குப் போட்டுவிட்டேன்.

பாராட்டு வரவில்லை. அவர் தொப்பியைத் திரும்பத் தலையில் வைக்கவும் இல்லை. அதன் அர்த்தம் தெரிய வேண்டுமென்றால் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஆளிரிக்கா?

குலசேகரம் தாண்டி மலைப்பக்கம் ஏறும் ரோட்டில், ரப்பர் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் எங்கள் ஊர். காட்டுக்குள் கால் மணி நேரம் நடந்தால் மிளாப்பாறை ஓடை. ஓடையில் ஒரு கசம், அதாவது ஆழமான நீர்க்கிடங்கு, இருக்கிறது. சித்திரை வெயிலிலும் அதில் இறங்கினால் பல் கிட்டும்.

அந்தக் கசத்துக்கு ஒரு மரியாதை உண்டு. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஓடைச் சரிவு, நடுவில் ஒற்றையடிப் பாதை. அது வளைந்து திரும்பியதும் கசம். யார் போனாலும் வளைவுக்கு இந்தப் பக்கமே நின்று, "ஆளிரிக்கா?" என்று குரல் கொடுக்க வேண்டும். பெண்கள் குளித்துக்கொண்டிருந்தால் "ஆளிரிக்கு" என்று பதில் வரும். அவ்வளவுதான். வந்தவர் பாறையில் உட்கார்ந்து காத்திருக்கலாம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். யார், எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்றெல்லாம் திருப்பிக் கேட்கக் கூடாது.

எங்கள் சபைப் போதகர் தோளில் துண்டோடும் கையில் சோப்புப் பெட்டியோடும் அரை மணி நேரம் அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அன்று கசத்தில் இருந்தது எங்கள் எட்டுப் பேரில் ஒருத்தியான சுயம்புகனியும் அவளுடைய மூன்று அக்காமாரும். அவர்கள் குளித்து முடிப்பதற்குள் போதகர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தையே தயார் செய்திருப்பார்.

பிறகு யாரோ கசத்தைப் படம் பிடித்து செல்போனில் போட்டார்கள். அடுத்த விடுமுறைக்கு வண்டி வண்டியாக ஆட்கள் வந்தார்கள். ஸ்பீக்கர் பெட்டி வந்தது. பிரியாணிப் பொட்டலம் வந்தது. குப்பியும் வந்தது. வளைவில் நின்று யாரும் குரல் கொடுக்கவில்லை. தெரியாதே, அவர்களைச் சொல்லி என்ன பயன்.

ஒரு நாள் தண்ணீருக்குள் கிடந்த குப்பிச் சில்லு தங்கபாயின் உள்ளங்காலைக் கிழித்தது. அவள் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவள். மரத்துக்கு மரம் நடந்தால்தான் பிழைப்பு. மூன்று வாரம் கட்டிலில் கிடந்தாள். அதற்குப் பிறகு எங்கள் பெண்கள் யாரும் கசத்துக்குப் போகவில்லை.

எங்களுடைய கசத்தை நாங்களே இழந்துவிட்டோம் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

என் கடைச் சரக்கு

இந்த இடத்தில் என் குட்டையும் நானே உடைத்துவிடுகிறேன். திற்பரப்பு அருவிக்குப் போகிற வழியில் பல வருஷம் பெட்டிக்கடை வைத்திருந்தவள் நான். தேய்த்துக் குளிக்க எண்ணெய், சோப்பு, துண்டு, அப்புறம் சரம் சரமாக ஷாம்பு பாக்கெட். கல்யாணப் பந்தலில் தோரணம் கட்டியது போலக் கடை முன்னால் தொங்கவிட்டிருப்பேன். காற்றில் அது ஆடுவதைப் பார்த்துத்தான் குழந்தைகள் அம்மாவை இழுத்துக்கொண்டு வரும்.

ஒரு நாள் அருவிக்குக் கீழே ஆற்றில் கால் கழுவ இறங்கினேன். கணுக்காலில் ஏதோ வழவழவென்று ஒட்டியது. மீன் என்று நினைத்துத் துள்ளினேன். ஷாம்பு உறை. பச்சை நிறம். அன்று காலையில்தான் அந்தப் பச்சைச் சரத்தைப் பிரித்துத் தொங்கவிட்டிருந்தேன். நான் விற்றதே நீந்தி வந்து என் காலைப் பிடித்தது போல இருந்தது.

மனம் திருந்திக் கடையை மூடினேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. முட்டி வலி வந்ததால் மூடினேன். ஆனால் அந்தப் பச்சை உறை மனசில் ஒட்டியது ஒட்டியதுதான்.

தங்கபாயின் கால் ஆறியதும் எட்டுப் பெண்கள் என் வீட்டு முற்றத்தில் கூடினோம். சுற்றுலாக்காரர்களை வராதே என்று சொல்ல நம்மால் முடியாது. வருகிறவர்களை நாமே கூட்டிக்கொண்டு போனால் என்ன? ஒரு நடைக்குப் பத்துப் பேர். சோப்பு, ஷாம்பு, பிளாஸ்டிக், ஸ்பீக்கர் எல்லாம் ஊர் எல்லையோடு நிற்க வேண்டும். நடந்து, பார்த்து, குளித்துத் திரும்பினால் எங்கள் வீடுகளில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றுபோகும் வீடுகளுக்கு அது ஒரு தாங்கல்.

காட்டுப் பாதை வனத்துறைக்குச் சொந்தம். மனு எழுதினோம். பாதையைப் பார்க்க ரேஞ்சர் நேரில் வருவார், அவர் சரி என்றால் அனுமதி, இல்லையென்றால் கசத்துக்கு யாருமே போக முடியாதபடி பாதையை அடைத்துவிடுவார்கள் என்று பதில் வந்தது. யாருமே என்றால் நாங்களும்தான்.

அசனத்துக்குத் தூத்தது போல

எங்கள் மாவட்டத்துப் பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முற்றத்தில் ஒரு மாவிலை கிடந்தால் எங்களுக்குச் சோறு இறங்காது. காலையில் பல் தேய்க்கும் முன் முற்றத்தைப் பெருக்க வாரியலைத்தான் கையில் எடுப்போம். எங்கள் சபையில் அசன விருந்து நடக்கும்போது ஊரே ஒன்றாகச் சாப்பிடும். அதற்கு முந்தின நாள் ஆலய வளாகத்தைத் தூத்துகிற வேகத்தைப் பார்த்தால் மண்ணே தேய்ந்துவிடும் என்று தோன்றும். சுயம்புகனி அய்யாவழிக்காரி. அவர்களுடைய வழிபாட்டு இடமான நிழல்தாங்கலின் முற்றத்தில் ஒரு சருகைக் காட்டினால் நான் காதை அறுத்துக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஸ்டீபன் இருபது வருஷம் சவுதியில் இருந்தவர். அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "பாதை முழுக்க இன்டர்லாக் கல்லு போட்டிரலாம். ஏர்போர்ட் மாதிரி இரிக்கும்," என்றார். அவர் ஊருக்குத் திரும்பியதும் செய்த முதல் காரியமே எங்கள் முற்றத்தில் இன்டர்லாக் கல் பதித்ததுதான். கோழிக்குக்கூட அதன் பிறகு கிளற ஒரு சாண் மண் கிடையாது.

இன்டர்லாக்கை ஒருவழியாகத் தடுத்துவிட்டேன். வாரியலைத் தடுக்க எனக்குத் தோன்றவே இல்லை.

ரேஞ்சர் வருவதற்கு முன் மூன்று நாள், எட்டு வாரியல், எட்டு வெட்டுக்கத்தி. பாதையின் இரண்டு பக்கமும் மண்டிக் கிடந்த செடிகளை வெட்டினோம். மாசி மாதம், மரங்கள் இலை கொட்டுகிற காலம். முழங்கால் புதையச் சருகு. அதை எல்லாம் வாரிக் குவித்துக் கடவப் பெட்டியில் அள்ளி ஓடைக்கு அப்பால் கொட்டினோம். அழுகிய தடிகளை உருட்டிவிட்டோம். மூன்றாம் நாள் பார்த்தால் செம்மண் பாதை பளிச்சென்று நெளிந்து கிடந்தது. ஒரு இலை கிடையாது.

"இப்பம் பாத்தா எப்பிடி இரிக்கு? கல்யாண வீடு மாதிரி இல்லியா?" என்றாள் தங்கபாய். முதல் நாள் சருகு வாரும்போது அவள்தான் வளைவுக்குப் பக்கத்தில் அந்த முட்டையைக் கண்டாள். வெளிறிய நிறம், அதில் சாம்பல் திட்டு. முட்டை என்றால் கூட்டில் இருக்க வேண்டும், கூடு என்றால் மரத்தில் இருக்க வேண்டும். அவள் தோட்டத்துக்கு ஓடிப்போய் ஒரு சிரட்டையைக் கொண்டுவந்து, கழுவித் துடைத்து, வீட்டுத் தலையணையைப் பிரித்துப் பஞ்சு எடுத்து வைத்தாள். தலையணையைப் பிரித்தாள் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பிரியமாகத்தான் அந்தத் தப்பைச் செய்தாள்.

வெறுந்தரையில் உட்கார்ந்த பறவை

இப்போது ரேஞ்சரிடம் திரும்பி வருகிறேன்.

அவர் தர்மபுரிப் பக்கத்துக்காரர். நாங்கள் பேசுவது பாட்டுப் பாடுவது போல இருக்கிறது என்று வந்ததும் சிரித்தவர். இப்போது சிரிப்பு இல்லை. "எங்கிருந்து எடுத்தீங்கம்மா?" என்று மட்டும் கேட்டார். தங்கபாய் வளைவைக் காட்டினாள்.

அவர் சிரட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களோடு அங்கே போன நேரத்தில் தரையிலிருந்து ஏதோ ஒன்று சத்தமே இல்லாமல் எழுந்து பறந்து, சற்றுத் தள்ளி மண்ணில் விழுந்தது போல உட்கார்ந்தது. காய்ந்த இலை நிறத்தில் ஒரு பறவை. தலையில் காது போல இரண்டு இறகுக் குச்சம்.

"பக்கி," என்றார் ரேஞ்சர். "இது கூடு கட்டாது. சருகு மேலதான் முட்டை போடும், ஒண்ணே ஒண்ணு. பகல் முழுக்க அது மேல உக்காந்திருக்கும். சருகுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாது. அதுதான் அதுக்குப் பாதுகாப்பு."

சாயங்காலம் காட்டோரத்தில் நீட்டி நீட்டிக் கூப்பிடும் குரலைச் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறோம். குரலுக்கு உடையவளை அன்றுதான் பார்த்தோம். நாங்கள் தூத்துப் பளபளப்பாக்கிய வெறும் மண்ணில், மறைய ஒரு இலை இல்லாமல் அது உட்கார்ந்திருந்தது.

"மூணு நாளா இஞ்சதான் வந்து இரிந்திரிக்கு," என்றாள் தங்கபாய். "முட்டைய தேடிக்கிட்டு."

ரேஞ்சர் சிரட்டையிலிருந்து முட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் வைத்தார். நான்கைந்து சருகைப் பொறுக்கிச் சுற்றிலும் போட்டார். "குளிர்ந்து போச்சும்மா. பொரியாது. ஆனாலும் இருக்கட்டும்."

பொரியவில்லை. அனுமதியும் வரவில்லை.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்ல," என்றார் போகும்போது. "காட்டைச் சுத்தம் பண்ணணும்னு நெனச்சீங்க. காடு அழுக்கா இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா? ஒரு வருஷம் இந்தப் பாதையில வெளியாட்கள் யாரும் வர வேணாம், நீங்களும் துடைப்பத்தைத் தூக்காதீங்க. அடுத்த மாசியில வர்றேன். அப்ப முடிவு சொல்றேன்."

அவர் ஜீப் இறங்கிப் போனதும் எங்கள் எட்டுப் பேரில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தங்கபாய் அந்தச் சிரட்டையைத் தூக்கி எறியவில்லை. மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

சும்மா இருப்பது

தூத்துவதைவிடத் தூத்தாமல் இருப்பது கடினம் என்று அந்த வருஷம்தான் எனக்குத் தெரிந்தது.

முதல் வாரமே சுயம்புகனி ஒரு கடவம் நிறையச் சருகு சுமந்துகொண்டு பாதையில் வந்து நின்றாள். எல்லாம் ரப்பர் இலை. தோட்டத்தில் அள்ளியது.

"ஏட்டி, இது என்னத்துக்கு?" என்றேன்.

"எடுத்தத திரும்பப் போடாண்டாமா அக்கா? பக்கி வந்து பாத்தா என்ன நெனைக்கும்?"

"அது காட்டுப் பறவை. ரப்பர் எலையில இரிந்தா அதுக்குத் தோட்டக்காரனுக்க வீட்டுக்கு விருந்து வந்த மாதிரி இரிக்கும். கொண்டு போ."

கடவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு முணுமுணுத்தபடியே திரும்பிப் போனாள். காட்டின் இலை காட்டிலிருந்தே விழட்டும் என்று விட்டோம்.

அந்த வருஷம் முழுவதும் காட்டுக்கு வெளியே, ஆற்றோரத் தோட்டப் பாதையில் மட்டும் விருந்தினர்களை நடத்திக் கூட்டிப்போனோம். அதற்கு அனுமதி தேவையில்லை. கருங்கல் ஊர்ச் சந்தையில் ஓலைப்பெட்டி மொத்தமாக வாங்கப் போனேன், வருகிறவர்களின் பிளாஸ்டிக் பையை வாங்கி வைத்துக்கொண்டு ஓலைப்பெட்டி கொடுப்பதற்கு. "என்ன ரோசக்கா, கல்யாண வீட்டுல பலகாரம் கொடுத்துவிடவா?" என்றார் கடைக்காரர். "ஆமா, காட்டுக்கும் எங்களுக்கும் கல்யாணம்," என்றேன். சீதனம் என்ன என்று கேட்டார். நான் நல்ல பெட்டியாகப் பார்த்துப் பொறுக்கினேன்.

தங்கபாய் மட்டும் தினமும் பால்வெட்டு முடிந்ததும் மிளாப்பாறைப் பாதைக்குப் போய்விடுவாள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பாள். கேட்டால், "கையச் சும்மா விட்டா அது குனிஞ்சு எலையப் பொறுக்கும்," என்பாள்.

வைகாசி பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழையில் எங்கள் செம்மண் பாதை அறுத்துக்கொண்டு ஓடையில் இறங்கியது. இலை மூடாத மண் அப்படித்தான் போகும் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில் எங்களில் பலருக்கும் பாடம். பரீட்சையும் எழுதியிருக்கிறோம். ஐப்பசிக்குள் செடி தழைத்தது. தடி அழுகிக் காளான் விட்டது. இலை மேல் இலை விழுந்து, அடி இலை கறுத்து, கிளறினால் நல்ல ஈர மணம். விரல் நகம் அளவு தவளைகள் துள்ளின. அவ்வளவு காலம் நாங்கள் குப்பை என்று சொன்னது ஒரு தெரு நிறைய வீடுகள் என்று தங்கபாய்தான் எங்களுக்குக் காட்டினாள்.

அடுத்த மாசி

ரேஞ்சர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு மத்தியானம் தங்கபாய் மூச்சு வாங்க ஓடிவந்தாள். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, வந்திரிக்கு. முட்டை வச்சிரிக்கு."

"எங்க?"

"பாதையில. வளைவுல. நட்டநடுவுல."

எனக்குச் சந்தோஷம் ஒரு நொடிதான் இருந்தது. வளைவைத் தாண்டினால்தான் கசம். கசத்தைப் பார்க்கத்தான் ரேஞ்சர் வருகிறார். சுற்றிப் போக வழி கிடையாது. அதோடு கோடை விடுமுறைக்கு ஊர் ஊராக ஆட்கள் போன் செய்து நாள் குறித்து வைத்திருந்தார்கள். முட்டை பொரிந்து குஞ்சு பறக்கச் சித்திரை ஆகிவிடும். அதுவரை பாதை கிடையாது என்றால், இதற்காகவா ஒரு வருஷம் காத்திருந்தோம்?

அன்று சாயங்காலம் எட்டுப் பேரும் கூடினோம். நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். "மெல்லமா ஓரமா நடந்து போயிரலாம். அஞ்சு நிமிஷக் காரியம். ரேஞ்சர்ட்ட ஒண்ணும் சொல்லாண்டாம். அனுமதி கைக்கு வந்த பொறவு பாத்துக்கலாம்."

தங்கபாய் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

"போன வருசம் நான் தெரியாம செய்தேன் அக்கா. நீங்க தெரிஞ்சு செய்யப் போறியளா?"

ஸ்டீபன்தான் பால் சேர்க்காத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்டர்லாக் போட்டிருந்தா இந்த வெப்ராளம் ஒண்ணும் இல்ல," என்று சொல்லி எட்டுப் பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ரேஞ்சர் வந்த காலையில் நாங்கள் ஒரே நிறச் சேலை கட்டவில்லை. அவர் ஜீப்பிலிருந்து இறங்கி, பாதையில் கால் வைத்ததும் நின்றார். சருகு பூட்ஸை மூடியது. குனிந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இவ்வளவு நன்றாகப் போகும்போது எப்படிச் சொல்வது?

வளைவுக்கு இருபது அடி இருக்கும்போது தங்கபாய் முன்னால் ஓடிப்போய்ப் பாதையின் குறுக்கே நின்றாள். இரண்டு கையையும் விரித்தாள்.

"சாரே, இதுக்கு மேல போவக் கூடாது."

கூட வந்த வனக்காவலர், "ஏம்மா, சார் கசத்தைப் பாக்கத்தானே வந்திருக்காரு?" என்றார்.

"ஆளிரிக்கு," என்றாள் தங்கபாய்.

காவலர் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். சட்டென்று இரண்டடி பின்வாங்கி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நின்றுவிட்டார். ரேஞ்சருக்குப் புரியவில்லை. யாரோ பெண்கள் குளிப்பதாகக் காவலர் அவர் காதில் சொன்னார். "குளிக்கேல்ல," என்றாள் தங்கபாய். "அடை காக்குது."

ரேஞ்சர் அங்கேயே பாறையில் உட்கார்ந்தார். பைனாகுலரை எடுத்து வளைவை அங்குலம் அங்குலமாகத் தேடினார். கிடைக்கவில்லை. வெகுநேரம் தேடினார்.

"அந்த மஞ்சள் எலை தெரியுதா சாரே? அதுக்கு இடது பக்கம் ஒரு வளைஞ்ச குச்சி. குச்சிக்குப் பக்கத்துல ரெண்டு காது." தங்கபாய் அவர் தோளுக்குப் பின்னால் நின்று கிசுகிசுத்தாள்.

"இருக்கு," என்றார் அவர், கடைசியில். அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்தை நான் மறக்க மாட்டேன். பைனாகுலரை எங்கள் எட்டுப் பேருக்கும் மாறி மாறிக் கொடுத்தார். கண் மூடி, வாய் மூடி, உலகத்தில் ஒரு கவலையும் இல்லாதவள் போல அது உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றிலும் போன வருஷம் முழுவதும் நாங்கள் தொடாமல் விட்ட இலைகள் கிடந்தன.

என் வாழ்க்கையில் நான் செய்து பெருமைப்பட்ட காரியங்கள் சில உண்டு. செய்யாமல் விட்டதற்காகப் பெருமைப்பட்டது அது ஒன்றுதான். அழுகை வந்தது. அழுதேன்.

"பாதை இல்லாம கசத்தை எப்படிப் பாக்கறது சார்?" என்று நான்தான் கேட்டேன். பயம் விடவில்லை. "அனுமதி..."

"கசம் எங்கயும் போயிடாது," என்றார் ரேஞ்சர். பாறை மேல் காகிதத்தை வைத்து அங்கேயே எழுதத் தொடங்கினார். அனுமதி உண்டு, பாதையைத் திறப்பதும் அடைப்பதும் எங்கள் குழுவின் பொறுப்பு என்று எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடி எழுந்து, தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு தங்கபாயிடம் வந்தார்.

"நான் எப்ப வரலாம்மா?"

அனுமதி கொடுக்க வந்தவர் அனுமதி கேட்டார். கேட்டது, மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பால்வெட்டுக்காரியிடம்.

தங்கபாய் விரலை மடக்கி மனசுக்குள் எண்ணினாள். "சித்திரை கடைசி ஆவட்டும் சாரே. வளைவுக்கு முன்ன நின்னு ஒரு சத்தம் குடுங்க. சொல்லுகேன்."

பலகை

அந்தக் கோடையில் நாள் குறித்திருந்தவர்களுக்கெல்லாம் போன் செய்து காரணம் சொன்னோம். சிலர் திட்டினார்கள். "ஒரு குருவிக்காகவா?" என்று ஒருவர் கேட்டார். முக்கால்வாசிப் பேர் நாளைத் தள்ளி வைத்தார்கள். குஞ்சு பறந்த பிறகு வந்தார்கள், வந்ததும் முதல் வேலையாகக் குஞ்சின் நலம் விசாரித்தார்கள்.

பக்கி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. வளைவைவிட்டு மேட்டுக்கு மாறும், மறு வருஷம் திரும்பும். எங்கே உட்கார்ந்தாலும் அதற்கு இருபது அடி தள்ளிப் பாதையின் குறுக்கே ஒரு கயிறு கட்டுவோம், கயிற்றில் ஒரு பலகை. பலகையில் என்ன எழுதுவது என்று முதலில் பெரிய விவாதம் நடந்தது. வனவிலங்குச் சட்டம், அபராதம் என்றெல்லாம் எழுதிய மாதிரியைக் காவலர் கொடுத்தார். தங்கபாய் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இவ்வளவு என்னத்துக்கு?" என்றாள். ஒரே ஒரு சொல்தான் எழுதினோம். கயிற்றின் ஒரு நுனியைத் தங்கபாய் அந்தப் பழைய சிரட்டையில் துளை போட்டுக் கோத்திருக்கிறாள். காற்றடித்தால் அது மரத்தில் தட்டும்.

போன வாரம் வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வீட்டில் இருந்து புறப்படும்போதே நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். கயிறு இருந்த இடத்தில் அவர்கள் எல்லோரும் நின்றார்கள். குடும்பத் தலைவி, ஐம்பது வயது இருக்கும், சங்கோஜத்தோடு தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகக் குரல் கொடுத்தாள்.

"ஆளிருக்கா?"

பாறைக்குப் பின்னாலிருந்து தங்கபாய் பதில் சொன்னாள். காட்டுக்குக் கேட்காத மெல்லிய குரல்தான். ஆனால் அதில் இருந்த கர்வம் எனக்குக் கேட்டது.

"ஆளிரிக்கு. பொறவு வாங்க."

அவர்கள் திரும்பி நடந்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.